முந்நூற்றுப் பதினொன்றாவது பக்கம்

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எனக்கு ஒன்றும் குறைவில்லை. முழங்கால் மட்டும் குளிருக்கு முனகுகிறது. உன் தோள்பட்டை வலி எப்படி இருக்கிறது? உன் பெண், என் மருமகள், நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா, இல்லை இன்னும் காப்பியிலேயே காலம் தள்ளுகிறாளா?

வலைப்பூவின் முகவரியை மாற்ற வேண்டும் என்று எழுதியிருந்தாய். மாற்றிவிடு. பத்து வருஷமாகத் தையல் மெஷின் ரிப்பேர் பற்றி என் பெயரிலேயே எழுதிவந்தேன். இப்போது என் பெயரைப் போட்டுத் தேடுகிறவர்கள் ரிப்பேருக்காகத் தேடுவதில்லை. மருமகளின் ஆபீஸில் யாரோ திரையைத் திருப்பிக் காட்டி, "இது உங்க மாமாவா?" என்று கேட்டார்களாமே. அவள் என்ன பதில் சொன்னாள் என்று நீ எழுதவில்லை, நானும் கேட்கப்போவதில்லை. 'தையல் பட்டறை' என்ற புதுப் பெயர் நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் பெயரை மாற்றுவது சுலபம், பழைய முகவரிக்கு வருகிறவர்களைக் கொண்டு சேர்ப்பதுதான் வேலை. வீடு மாறும்போது தபால்காரரிடம் சொல்லிவிட்டு வருவோமே, அது மாதிரி. ஒரு அட்டவணை போடு. இடது பக்கம் பழைய முகவரி, வலது பக்கம் அதே பக்கத்தின் புது முகவரி. ஒவ்வொரு வரிக்கும் 301 என்று எண் கொடு, நிரந்தரமாக மாறிவிட்டது என்று அர்த்தம். 302 போட்டுவிடாதே, அது தற்காலிகம். அந்த எண் என் இப்போதைய விலாசத்துக்குத்தான் பொருந்தும்.

மொத்தம் 311 பக்கங்கள். முந்நூற்றுப் பத்தும் ஊசி, பல்சக்கரம், எண்ணெய். அதில் ஒன்றிரண்டு தவறிப்போனாலும் எந்தத் தையல்காரரும் அழப்போவதில்லை. கடைசிப் பக்கம் அப்படியில்லை. அது எதற்கென்று உனக்குத் தெரியும், ஆனாலும் இன்னொரு தடவை எழுதுகிறேன். போனை எடுப்பதற்காக நான் குனிந்த அந்த இரண்டு விநாடியில் என் வேன் அந்தப் பெண்ணின் சைக்கிள் மேல் ஏறியது. கோர்ட்டில் அவள் அப்பா என்னிடம் சொன்னது மூன்றே வாக்கியம்: "மன்னிப்பு கேக்காத. மறக்காம இரு. மறக்கலன்னு எனக்குத் தெரியணும்." அன்றே அந்தப் பக்கத்தைத் தொடங்கி, அதன் முகவரியை ஒரு தாளில் எழுதி வக்கீல் மூலம் அவரிடம் சேர்த்தேன். இரண்டு வருஷமாக மாதம் ஒரு பத்தி இங்கிருந்து அனுப்புகிறேன், நீயும் முகம் சுளிக்காமல் தட்டச்சு செய்து போடுகிறாய்.

அவர் கையில் இருக்கும் தாளில் நாம் போய்த் திருத்தம் போட முடியாது. அதனால் அந்த ஒரு வரியை மட்டும் இரண்டு தடவை சரிபார். பிப்ரவரிப் பத்தி இத்துடன் இருக்கிறது.

உன் தம்பி


பிப்ரவரி 21

அன்புள்ள தம்பிக்கு,

தோள்பட்டை இருந்த இடத்திலேயே இருக்கிறது, வலியும்தான். உன் மருமகள் சாப்பிடுகிறாள். அவளைச் சாப்பிட வைப்பதற்குள் எனக்குப் பசி போய்விடுகிறது.

நீ சொன்ன அட்டவணையைப் போட உட்கார்ந்தேன். கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க அடுத்தவர் கண்ணுக்குள் பார்த்துவிட்டு வந்து, சாயங்காலம் உன் பக்கங்களின் முகவரியைப் பார்த்தால் எனக்கே ஒரு ஜோடி கண்ணாடி மாட்ட வேண்டும் போலிருக்கிறது. எல்லாவற்றிலும் தேதி, மாதம், வருஷம் என்று எத்தனை எண்கள். நீ என்ன ரயில்வே அட்டவணையா எழுதினாய்?

நாற்பது பக்கம் முடித்தேன். அதில் 'கீழ்நூல் சிக்கிக்கொண்டால்' என்ற பக்கத்தைத் திறந்தால் திறக்கவே மாட்டேன் என்கிறது. சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு, கடைசியில் அளவுக்கு மேல் திருப்பிவிடப்பட்டது என்று சொல்லிக் கைவிரிக்கிறது. நூல் சிக்கியதைப் பற்றிய பக்கமே சிக்கிக்கொண்டது. என்ன செய்ய வேண்டும் என்று எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள். முழங்காலுக்கு ஏதாவது சுற்றிக்கொள்ளத் தருவார்களா?

உன் அக்கா


மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். பக்கத்தில் இருந்தவர் என்னவென்று கேட்டார். சொன்னால் புரியாது என்பதால் அக்கா கடிதம் என்று மட்டும் சொன்னேன். அவருக்கு அதுவே போதுமாக இருந்தது.

சிக்கல் சின்னதுதான். இடது பக்கமும் வலது பக்கமும் ஒரே முகவரியை எழுதியிருப்பாய். அது தன்னையே தேடித் தன்னிடமே வருகிறது. வலது பக்கத்தைத் திருத்து, சரியாகிவிடும். பக்கங்களுக்கு உள்ளேயும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் இணைப்புகள் இருக்கும், அவற்றையும் புது முகவரிக்கு மாற்றிவிடு. இன்னொன்று, சலித்துப்போய் மிச்சத்தையெல்லாம் மொத்தமாக முகப்புக்குத் தள்ளிவிடாதே. நிறையப் பேர் அப்படித்தான் செய்வார்கள். கதவு இலக்கம் கேட்டு வந்தவரைத் தெருமுனையில் இறக்கிவிடுகிற வேலை அது.

இல்லாத பக்கத்தைக் கேட்டு யாராவது வந்தால் காட்டுவதற்கு ஒரு பக்கம் வேண்டும். 404 என்பார்கள். அதற்கு இரண்டு வரி நீயே எழுதிவிடு. எனக்கு அந்த மாதிரி வராது.

இங்கே ஜெயில் தையல் கூடத்தில் பதினான்கு மெஷின் இருக்கிறது, ஒன்பது ஓடுகிறது. மற்றவற்றைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். கையில் எண்ணெய் பட்டதும் கொஞ்சம் மனுஷனாக உணர்ந்தேன். அப்புறம் அதற்காக வெட்கமாக இருந்தது.

கடைசிப் பக்கம் போய்விட்டதா? மார்ச் மாதப் பத்தி இத்துடன்.

உன் தம்பி


ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, மனதில் வைத்துக்கொள்ளாதே. கடையில் ஆள் குறைவு. சளி வேறு பிடித்து ஒரு வாரம் படுத்திவிட்டது. இப்போது தேவலை.

முந்நூற்றுப் பத்துப் பக்கத்தையும் மாற்றி முடித்துவிட்டேன். போன மாதக் கடைசியில் புது முகவரி திறந்தாகிவிட்டது. ஒவ்வொன்றாகப் பழைய முகவரியை அடித்துப் பார்த்தேன், எல்லாம் தானாகப் புது வீட்டுக்குப் போய் நிற்கிறது. கீழ்நூலும் சிக்கவில்லை. மருமகள் பார்த்துவிட்டு, "அம்மா, நீ கடைய விட்டுட்டு இதுக்கே வந்துடலாம்" என்றாள். ரொம்ப நாள் கழித்து அவள் முகத்தில் ஒரு வெளிச்சம்.

இல்லாத பக்கத்துக்கு நான் எழுதியது இது: "பாபின் காலியாகிவிட்டது போலிருக்கிறது. நீங்கள் தேடி வந்தது இங்கே இல்லை. வேறு நூல் மாட்டிப் பாருங்கள்." பக்கத்தில், கீழ்நூல் சுற்றுகிற பாபின் ஒன்று காலியாக இருக்கிற படம். எப்படி?

முழங்காலைப் பற்றி நீ எழுதவே இல்லையே.

உன் அக்கா


ஏப்ரல் 24

அன்புள்ள அக்காவுக்கு,

சளி போய்விட்டதா? முழங்கால் பரவாயில்லை. கோடை வந்தால் அது தன்பாட்டில் அடங்கிவிடும்.

பாபின் வாசகம் அருமை. அந்தப் பக்கத்தைப் பார்ப்பதற்காகவே யாராவது தப்பான முகவரி அடிப்பார்கள்.

முந்நூற்றுப் பத்து என்று எழுதியிருக்கிறாய். மொத்தம் 311. பள்ளிக்கூடத்திலேயே கணக்கில் நீ எப்போதும் ஒன்று குறைவாகத்தான் சொல்வாய், அப்படியே எடுத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு உதவி செய். அவர் வைத்திருக்கும் தாளில் உள்ளபடி, கடைசிப் பக்கத்தின் பழைய முகவரியை எழுத்தெழுத்தாக அடித்துப் பார்த்துவிட்டு, திறக்கிறதா இல்லையா என்று ஒரே வரியில் எழுதிவிடு. அந்த ஒரு வரி வந்தால் போதும்.

ஏப்ரல் பத்தி இத்துடன்.

உன் தம்பி


ஜூன் 12

அன்புள்ள தம்பிக்கு,

உன் இரண்டு கடிதங்களும் வந்தன. மே மாதப் பத்தியும் கிடைத்தது. இங்கே எல்லாரும் சௌக்கியம். மருமகளை வேலையில் நிரந்தரமாக்கிவிட்டார்கள். அன்றைக்கு அவளே வீட்டைப் பெருக்கித் துடைத்தாள் என்றால் பார்த்துக்கொள். ஆபீஸில் இப்போது யாரும் எதுவும் கேட்பதில்லையாம்.

கடையை வெள்ளையடித்தார்கள். கண் சோதிக்கும் பலகையைக் கழற்றிவிட்டுத் திரும்பத் தலைகீழாக மாட்டிவிட்டார்கள். அரை நாள் வந்தவர்களுக்கெல்லாம் பார்வை மோசம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

வலைப்பூ நன்றாகவே ஓடுகிறது. கவலைப்படாதே.

உன் அக்கா


ஜூலை 3

அன்புள்ள அக்காவுக்கு,

மருமகளிடம் மாமா சந்தோஷப்பட்டார் என்று சொல். சொல்ல வேண்டாம் என்று தோன்றினால் விட்டுவிடு.

முன்கூட்டியே விடுவிக்கலாமா என்று பார்க்க, செப்டம்பரில் என் வழக்கை மறுஆய்வுக் குழு எடுக்கிறது. ஆறு வருஷத்தில் இரண்டரை முடிந்துவிட்டது, மெஷின் வேலையையும் நல்லவிதமாக எழுதியிருக்கிறார்கள். குழு அந்தப் பெண்ணின் அப்பாவையும் கூப்பிட்டுக் கேட்குமாம். அவர் எனக்காகப் பேச வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மறந்துவிட்டான் என்று மட்டும் அவர் சொல்லக் கூடாது. அது ஒன்றுதான் எனக்கு வேண்டும். விடுதலை அதற்கு அப்புறம்தான்.

நீ அந்த ஒரு வரியை எழுதவில்லை. மறந்திருப்பாய். கிடைக்காத பக்கங்களின் பட்டியல் ஒன்று தளத்தின் உள்பக்கத்தில் இருக்கும். யார் எந்த முகவரியைக் கேட்டு வந்து வெறுங்கையோடு திரும்பினார்கள் என்று அதில் தெரியும். முகவரி மாற்றியவர்கள் மாதம் ஒரு தடவையாவது அதைத் திறந்து பார்க்க வேண்டும். பார்.

ஜூன், ஜூலை இரண்டு பத்தியும் இத்துடன். தோள்பட்டையைக் கவனி.

உன் தம்பி


செப்டம்பர் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

மறுஆய்வில் கிடைக்கவில்லை. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்தது இரண்டு வருஷம் கழித்து.

ஆகஸ்ட் பத்தி உனக்கு வந்திருக்கும். இந்த மாதம் பத்தி இல்லை. விரலில் ஊசி ஏறிவிட்டது, எழுத வரவில்லை.

உன் தம்பி


அக்டோபர் 5

அன்புள்ள தம்பிக்கு,

விரல் எப்படி இருக்கிறது என்று கேட்கத்தான் வேண்டும். ஆனால் விரலில் ஊசி ஏறியவன் கையெழுத்து அவ்வளவு நேராக இருக்காது என்று எனக்குத் தெரியும்.

உன் கடிதம் வந்த அன்றுதான் நீ சொன்ன பட்டியலைத் திறந்தேன். மூன்று மாதமாகத் திறக்கவில்லை. திறந்தால் என்ன இருக்கும் என்ற பயம். பட்டியலில் ஒரே ஒரு முகவரிதான் இருந்தது, தம்பி. கடைசிப் பக்கத்தின் பழைய முகவரி. நாற்பத்தொரு தடவை. எல்லாம் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணிக்கு மேல். ஏப்ரலில் ஒன்பது தடவை அடித்திருக்கிறார். தப்பாக அடித்துவிட்டோமோ என்று திரும்பத் திரும்ப அடித்திருப்பார். செப்டம்பரில் ஒரே தடவை.

அந்தப் பக்கத்தை நான் மாற்றவே இல்லை. எடுத்துவிட்டேன். நீ சொன்ன ஒவ்வொன்றையும் செய்தவள், எதை முக்கியம் என்றாயோ அதை மட்டும் செய்யவில்லை. உன் பெயரைத் தேடினால் முதலில் வருவது அதுதான். மருமகளுக்குத் திருப்பிக் காட்டியதும் அதைத்தான். "ஆமா, எங்க மாமாதான்" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். கதவுக்கு வெளியே நின்ற நான்தான் முடிவெடுத்தேன். அந்த மனிதர் இரண்டு வருஷமாக அதைப் படித்துக்கொண்டிருப்பார் என்று நான் நம்பவில்லை. ஒரு தடவை பார்த்திருப்பார், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நீ அனுப்பிய பத்திகள் எல்லாம் என் அலமாரியில் ஒரு பழைய கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்தன. ஒன்றைக்கூடக் கிழிக்கவில்லை. அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு அருகதை இல்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

அன்றைக்கே பக்கத்தைத் திரும்பப் போட்டேன். எல்லாப் பத்தியையும் தட்டச்சு செய்தேன். பழைய முகவரியை எழுத்தெழுத்தாக அடித்துப் பார்த்தேன். திறக்கிறது. நீ ஏப்ரலில் கேட்ட அந்த ஒரு வரி இதுதான்.

நேற்று முதல் ஞாயிற்றுக்கிழமை. நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் வரவில்லை.

அக்கா


நவம்பர் 14

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்து ஒரு மாதம் ஆகிறது. கோபம் இல்லை என்று எழுதினால் பொய். கோபம் இருந்தது, இன்னும் இருக்கிறது. ஆனால் நீ எழுதியது எனக்குப் புதிதில்லை.

குழுவில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண்ணின் அப்பா ஒரு கோப்பைக் கொண்டுவந்து மேசை மேல் வைத்தார். பஸ் டிப்போவில் நேரம் குறிக்கிற வேலை அவருக்கு. எல்லாவற்றையும் தேதி போட்டு வைக்கிற ஆள். நான் எழுதிய ஒவ்வொரு மாதமும் அச்செடுத்து, துளை போட்டு, வரிசையாக இருந்தது. அதற்கப்புறம் ஆறு தாள். ஒரு தாளை எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார். "பாபின் காலியாகிவிட்டது போலிருக்கிறது. நீங்கள் தேடி வந்தது இங்கே இல்லை. வேறு நூல் மாட்டிப் பாருங்கள்." குழுவில் ஒருவருக்கு உதடு லேசாக அசைந்தது, உடனே அடக்கிக்கொண்டார். பெண்ணின் அப்பா அதே வாசகத்தை ஆறு தடவை படித்தார். ஆறு தாளுக்கும் தேதி சொல்லி.

எனக்குக் கேட்டது உன் குரல். நம் வீட்டில் அப்படிப் பேசுகிறவள் நீ ஒருத்திதான்.

"இந்தப் பக்கத்த நீங்க எடுத்தீங்களா?" என்று கேட்டார்கள். "ஆமா, நான்தான் எடுக்கச் சொன்னேன்" என்றேன். வேறு என்ன சொல்ல? அக்கா எடுத்துவிட்டாள் என்றால் அவர் கோபம் உன் வாசலுக்கு வரும். அதை உன் பக்கம் திருப்பிவிட எனக்கு மனசு வரவில்லை. பெரிய தியாகம் என்று நினைக்காதே. அந்த நிமிஷம் வாயில் வந்தது அதுதான். வெளியே வந்த பிறகு, ஏன் அப்படிச் சொன்னேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அவரிடம் போகாதே. போய் எதுவும் சொல்லாதே. முடிந்தது முடிந்ததாக இருக்கட்டும்.

தோள்பட்டைக்கு வைத்தியரைப் பார்.

தம்பி


டிசம்பர் 9

அன்புள்ள தம்பிக்கு,

நீ போகாதே என்று எழுதிய கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் போனேன். என்னைத் திட்ட உனக்கு இன்னொரு காரணம்.

அவர் வீடு மூன்றாவது மாடி. கதவைத் திறந்தவரிடம் நான் யார் என்று சொன்னேன். வாங்க என்றும் சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தார். நானும் போனேன். அவர் மூக்குக் கண்ணாடியின் ஒரு காதுக்கம்பி ஆடிக்கொண்டிருந்தது, நூல் சுற்றி வைத்திருந்தார். என் பையில் அதற்கான சின்ன ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. எடுக்கத் தைரியம் வரவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். நீ எடுக்கச் சொல்லவில்லை, நான்தான் எடுத்தேன், நீ ஒவ்வொரு மாதமும் அனுப்பிக்கொண்டே இருந்தாய் என்று. அந்த பாபின் வாசகம் நான் எழுதியது என்றும் சொன்னேன். அதைச் சொல்லும்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அவர் என்னை அழவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் சொன்னார்: "நீ எடுத்தா என்ன, அவன் எடுத்தா என்ன. ஆறு மாசம் நான் போய்ப் பார்த்தப்ப அங்க ஒண்ணுமில்ல."

அச்செடுத்துக் கொண்டுபோயிருந்த பத்திகளை மேசை மேல் வைத்தேன். பிப்ரவரிப் பத்தியை அவர் முன்பே பார்த்துவிட்டார், நான் வைத்தது மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை. ரொம்ப நேரம் அவற்றைத் தொடவில்லை. பிறகு எழுந்துபோய்த் துளை போடும் கருவியைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு தாளாகத் துளை போட்டு, கோப்பில் அந்தந்த மாதத்து இடத்தில் மாட்டினார். பாபின் படம் போட்ட ஆறு தாளும் அங்கேதான் இருந்தன. இனி அவற்றை எடுத்துவிடலாமே என்று மெதுவாகக் கேட்டேன். "அதுவும் நடந்ததுதான்" என்றார். எடுக்கவில்லை.

மே மாதப் பத்தியை மட்டும் மாட்டாமல் கையில் வைத்துக்கொண்டு படித்தார். அதில் நீ எழுதியிருந்தாய்: சைக்கிள் கூடையிலிருந்து எலுமிச்சம்பழங்கள் ரோட்டில் உருண்டன, மொத்தம் ஆறு. ஐந்தை யாரோ பொறுக்கி ஓரமாக வைத்தார்கள், ஆறாவது என் சக்கரத்துக்குப் பின்னால் கிடந்தது.

இரண்டாவது தடவையும் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆறுன்னு எழுதியிருக்கான். ஏழு. நான்தான் எண்ணிச் சொல்லி வாங்கிட்டு வரச் சொன்னேன். ஒண்ண அவன் பார்க்கல. திருத்தச் சொல்லு."

நான் படியிறங்கி வந்துவிட்டேன். அடுத்த மாதம் அவர் அந்த முகவரியை அடித்துப் பார்ப்பாரா, மாட்டாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

இனி உன் எழுத்தில் உன்னைக் கேட்காமல் ஒரு எழுத்தைக்கூட நான் தொடமாட்டேன். ஜனவரி முதல் ஞாயிற்றுக்கிழமைக்குள் உன் பதில் வர வேண்டும். ஆறை ஏழாக்கட்டுமா?

உன் அக்கா